பிஞ்சு அணுக்களின் சாட்சி

"எங்கப்பாவைக் கொஞ்சம் கொஞ்சமா கொல்லப் பார்த்தவன் ஜெயில்ல இருக்கான். ஆனா எங்கப்பா இன்னும் செத்துக்கிட்டேதான் இருக்கார்."

இதைச் சொன்ன பெண்மணி அழவில்லை. கைப்பையை மடியில் நிமிர்த்தி வைத்துக்கொண்டு, வட்டி விகிதம் சொல்பவரைப் போலச் சொன்னாள். வேறு ஊரில் வங்கி மேலாளர்.

எதிரே உட்கார்ந்திருந்த துப்பறியும் நிபுணர் காபிக் கோப்பையைக் கீழே வைத்தார். சத்தமே வரவில்லை. அவர் எதைச் செய்தாலும் சத்தம் வராது. அதனால்தான் போலீஸ் இலாகாவில் இருந்தபோது அவருக்குப் 'பூனை' என்று பட்டம் வைத்தார்கள். வேலையை விட்டார், மனைவி அவரை விட்டாள், பட்டம் மட்டும் கூடவே இருந்தது.

"முதல்லேர்ந்து சொல்லுங்க" என்றார் பூனை.

"அப்பா கால்நடை மருத்துவர். ரிட்டயர் ஆகி ரொம்ப வருஷம் ஆச்சு. மாட்டு டாக்டர்னு சொன்னா அந்தப் பக்கம் எல்லாருக்கும் தெரியும். அம்மா போனதுக்கப்புறம் தனியாத்தான் இருக்கார்."

"தனியான்னா?" என்று ஜன்னலோரத்திலிருந்து ஒரு குரல் வந்தது. உதவியாளர் வெடி. நாற்பது வயதைத் தாண்டியவள். பேசக்கூடாத இடத்தில் பேசுவதும், சிரிக்கக்கூடாத இடத்தில் சிரிப்பதும் அவளுக்கு அந்தப் பெயரைச் சம்பாதித்துக் கொடுத்திருந்தன. "வீட்டோட ஒரு சமையல்காரர் இருக்கார்னு போன்ல சொன்னீங்களே. அப்புறம் எப்படித் தனி?"

"அவன் சமையல்காரன்தானே" என்றாள் மகள். கேள்வியே புரியாதவள் போல.

அவள் சொன்ன கதை இதுதான். இந்த ஒரு வருஷத்தில் மூன்று முறை மாட்டு டாக்டர் மயங்கி விழுந்தார். மூன்று முறையும் உடம்பில் ரத்தம் பாதியாகக் குறைந்திருந்தது. ஆஸ்பத்திரியில் சேர்த்து ரத்தம் ஏற்றினார்கள், தேறினார். வீட்டுக்கு வந்தார், மறுபடி வெளுத்தார். ஆஸ்பத்திரியில் நல்லாயிருப்பவர் வீட்டில் மட்டும் ஏன் கெட்டுப்போகிறார்? மகள் சமையலறையைக் குடைந்தாள். அலமாரியில் எலி மருந்து கிடைத்தது. போதாக்குறைக்கு, பின்கட்டு அறையைச் சமையல்காரர் பேருக்கே எழுதப்போவதாக அப்பா போனில் ஒருமுறை சொல்லியிருந்தார். இன்ஸ்பெக்டருக்கு அது போதுமானதாக இருந்தது.

"எலி மருந்து எங்க வீட்லயும் இருக்கு. வாங்கி வெச்சதே என் மாமியார்தான்" என்றாள் வெடி. "யாருக்குன்னுதான் இன்னும் சொல்லல."

மகள் சிரிக்கவில்லை. "அவனைப் பிடிச்சு ரெண்டு வாரத்துக்கு மேல ஆச்சு. இப்ப அப்பாவுக்கு ரத்தம் ஏறணும் இல்ல? நேத்து டெஸ்ட் எடுத்தேன். முன்னைவிட இறங்கியிருக்கு. விஷம் உடம்புல தங்கிடுச்சு. அது என்ன விஷம்னு நீங்க கண்டுபிடிக்கணும். இல்லேன்னா அவன் ஜாமீன்ல வெளிய வந்துடுவான்."

"இது அப்பாவுக்குத் தெரியுமா?"

"சொல்லல. ஊருக்குப் போயிருக்கான்னு சொல்லி வெச்சிருக்கேன். அவர் மனசு தாங்காது."

பூனை எழுந்தார். "ரத்தம் எடுத்த லேப் எது?"

*

லேப் டாக்டரம்மா பூனைக்குப் பழக்கமானவர். இலாகாவில் இருந்த காலத்தில் எத்தனையோ ரத்தக்கறைகளைப் பேச வைத்தவர் அவர்தான். நுண்ணோக்கியிலிருந்து கண்ணை எடுக்காமலே பேசினார்.

"விஷம்னு யார் சொன்னது?"

"மகள்."

"மகள் எந்தக் காலேஜ்ல படிச்சாங்க?"

"பேங்க்ல இருக்காங்க."

"அதான்." டாக்டரம்மா நகர்ந்து இடம் விட்டார். "பாருங்க. வெடி, நீயும் வா."

வெடி குனிந்தாள். வெளிறிய வட்டங்களுக்கு நடுவே சில வட்டங்களில் மட்டும் நீல நூல் சிக்கியது போல இழையோடியிருந்தது.

"இந்த நூல் இருக்கிறது எல்லாம் பிஞ்சு. ரெட்டிகுலோசைட்னு பேரு. சிவப்பு அணுக்கள் எலும்பு மஜ்ஜையில உற்பத்தியாகுது. முழுசா வளர்றதுக்குக் கொஞ்சம் முன்னாடி ரத்தத்துக்கு வந்து, ஒண்ணு ரெண்டு நாள்ல நூலை உதறிட்டுப் பெரியாளா ஆயிடும். சாதாரணமா நூறு அணுவுக்கு ஒண்ணோ ரெண்டோதான் இப்படிப் பிஞ்சா இருக்கும். இவருக்கு எட்டைத் தாண்டியிருக்கு."

"எட்டுன்னா நல்லதா கெட்டதா?" என்றார் பூனை.

"அது கேள்வியைப் பொறுத்தது. ரத்தம் குறைஞ்சா ரெண்டு சந்தேகம் வரும். ஒண்ணு, ஃபேக்டரி படுத்துடுச்சு. இல்லேன்னா ஃபேக்டரி ஓடுது, சரக்கு எங்கேயோ போகுது. மஜ்ஜையை விஷம் கெடுத்திருந்தா பிஞ்சே இருக்காது. புதுசா எதுவும் பிறக்காது. இங்க பாருங்க, வளர்றதுக்குக்கூட நேரம் கொடுக்காம, இருக்கிற ஆளை எல்லாம் வெளிய அனுப்பிக்கிட்டிருக்கு."

"குழந்தைத் தொழிலாளர்கள்" என்றாள் வெடி. "சின்னப் பசங்களைப் பிடிச்சு வேலைக்கு அனுப்புது."

டாக்டரம்மா முதல்முறையாகத் தலையை நிமிர்த்திச் சிரித்தார். "அதேதான். ஆஸ்பத்திரியில வயசாச்சு, மஜ்ஜை ஓய்ஞ்சு போச்சுன்னு நினைச்சுட்டாங்க. இந்த ஒரு டெஸ்டை யாரும் கேட்கல. நேத்து நான்தான் கூடச் சேர்த்துப் போட்டேன். எழுபது வயசைத் தாண்டியும் மனுஷனோட மஜ்ஜை குதிரை மாதிரி ஓடுது."

"அப்ப சரக்கு எங்க போகுது?"

"உள்ளேயே உடைஞ்சா கண்ணு மஞ்சளாகும். ஆகல. வயித்துல கசிஞ்சா குழாய் விட்டுப் பார்த்தப்பவே தெரிஞ்சிருக்கும். சுத்தமா இருக்கு. எலி மருந்துன்னா ரத்தம் உறையாது. உறையற நேரத்தையும் பார்த்துட்டேன், கச்சிதம்."

பூனை ஜன்னலோரம் போய் நின்று கேட்டார்.

"நின்னுபோன திருட்டா, நடந்துக்கிட்டிருக்கிற திருட்டா?"

"நடந்துக்கிட்டிருக்கு. ரெண்டு வாரத்துக்கு முன்னாடியே இழப்பு நின்னிருந்தா, இந்நேரம் ரத்தம் ஏறியிருக்கணும், பிஞ்சும் அடங்கியிருக்கணும். ரத்தமோ இறங்குது, பிஞ்சோ எட்டுக்கு மேல நிக்குது. உங்க சமையல்காரர் ஜெயிலுக்குள்ள இருந்தபோதுதான் இந்த ரத்தம் போயிருக்கு."

வெடி கையை விரித்தாள். "அப்ப கேஸ் முடிஞ்சது. ரத்தக்காட்டேரி. ஜன்னலை நல்லாச் சாத்திட்டுப் படுக்கச் சொல்லிட்டு நாம கிளம்பலாம்."

பூனை சிரிக்கவில்லை. "வெளிய போறதுக்கு ஒரு வழி வேணும், வெடி. வழி தெரிஞ்ச கை வேணும்."

அவர் காருக்கு நடந்தார். பிறகு மகளுக்குப் போன் செய்து ஒரே ஒரு கேள்வி கேட்டார். "ஆஸ்பத்திரியில அப்பாவை எங்க வெச்சிருந்தீங்க? தனி ரூமா?"

"நான் தனி ரூம்தான் கேட்டேன். அவர் பிடிவாதமா பொது வார்டே போதும்னுட்டார். காசு செலவாகுதுன்னு. அந்தக் காலத்து ஆளு."

பூனை போனை வைத்தார். "செலவுக்குப் பயந்தவர் ஒரு அறையையே எழுதி வைக்க மாட்டாரே" என்றார், யாரிடமும் அல்லாமல்.

*

வீட்டில் இரண்டு சத்தங்கள் கேட்டன. கூடத்தில் டிவி செய்தி வாசித்தது. உள் அறையில் ரேடியோ பாடியது. இரண்டையும் கேட்க அங்கே யாரும் இல்லை. மாட்டு டாக்டர் வாசற்படியிலேயே நின்றுகொண்டிருந்தார். கார் கதவு சாத்தப்படுவதற்கு முன்பே, "வாங்க வாங்க வாங்க" என்றார்.

உயரமான மனிதர். உதடும் நகமும் காகிதம் போல வெளுத்திருந்தன. வெயில் கொளுத்திய அந்த முற்பகலில் முழுக்கைச் சட்டை போட்டு, மணிக்கட்டில் பொத்தான் மாட்டியிருந்தார். தானே மூன்று நாற்காலிகளை இழுத்துப் போட்டார். அதற்குள் மூச்சு வாங்கியது.

மகள் போனில் ஏதோ கடன் விண்ணப்பத்தைப் பற்றிப் பேசியபடி வெளியிலேயே நின்றுவிட்டாள்.

"ஆஸ்பத்திரி எப்படி ஐயா இருந்தது?" என்று பூனை கேட்டதுதான் தாமதம், மடை திறந்தது.

"பக்கத்துப் படுக்கையில ஒரு லாரி டிரைவர். குறட்டை விட்டா கட்டில் நகரும். எதிர்ல ஒரு தையல்காரர், கால்ல புண்ணு, ஆனா வாய்ல ஒரு குறையும் இல்ல. ராத்திரி விளக்கணைச்சதும் அவர் ஒரு கதையை ஆரம்பிப்பார். பேயும் வரும், கலெக்டரும் வருவார். ஒரு நாளும் முடிச்சதில்ல, அதுக்குள்ள டிரைவர் குறட்டை. ஒரு நர்ஸம்மா, எல்லாரையும் ராஜான்னுதான் கூப்பிடுவாங்க. காலையில வந்து கையைப் பிடிச்சு நாடி பார்த்துக்கிட்டே, 'தூங்கினீங்களா ராஜா?'ம்பாங்க."

"எங்க வீட்ல நான் தூங்கினா எழுப்பத்தான் ஆள் வரும்" என்றாள் வெடி.

மாட்டு டாக்டர் அதற்கு அளவுக்கு மீறிச் சிரித்தார். நகைச்சுவைக்காகச் சிரித்தது போல இல்லை. யாரோ தன்னிடம் நகைச்சுவை சொன்னதற்காகச் சிரித்தது போல இருந்தது. வெடிக்கு அது என்னவோ செய்தது. அடுத்து வைத்திருந்த ஜோக்கை விழுங்கிவிட்டாள்.

"கை கழுவிட்டு வரேன்" என்று பூனை உள்ளே நழுவினார்.

சமையல்காரர் போனதிலிருந்து வீட்டைத் தொட ஆளில்லை என்பது தெரிந்தது. மேஜைமேல் விரல் வைத்தால் கோடு விழுந்தது. கடையிலிருந்து வந்த சாப்பாட்டுப் பொட்டலங்கள் பிரிக்கப்படாமலே அடுக்கியிருந்தன. பாத்திரம் தேய்க்கும் தொட்டியில் பூஞ்சணம். இரட்டைக் கட்டிலில் ஒரு பக்கம் மட்டும் கசங்கியிருந்தது. பின்பக்கக் குளியலறையைத் திறந்ததும் பிளீச்சிங் பவுடர் நெடி மூக்கைத் துளைத்தது. தரை பளபளவென்று இருந்தது. அந்த வீட்டிலேயே யாரோ முட்டி போட்டுத் தேய்த்த ஒரே தரை. மேலே பரணில், மாட்டு டாக்டர் தொழிலுக்கு எடுத்துப்போன பழைய தோல் பெட்டி. சுற்றிலும் தூசி மண்டிக்கிடக்க, பெட்டியின் பிடியில் மட்டும் தூசி இல்லை.

பூனை பெட்டியைத் திறக்கவில்லை. திரும்பும்போது கட்டிலை இன்னொரு முறை பார்த்தார். அவருடைய வீட்டிலும் கட்டிலின் ஒரு பக்கம்தான் கசங்கும்.

திரும்பி வந்து மாட்டு டாக்டருக்கு நேர் எதிரே நாற்காலியை நகர்த்திப் போட்டு உட்கார்ந்தார். டிவியை அணைத்தார்.

"ஐயா, உங்க சமையல்காரர் ஊருக்குப் போகல. ஜெயில்ல இருக்கார்."

வெடி திடுக்கிட்டுத் திரும்பினாள். வாசலில் போன் பேச்சு அறுந்தது.

"யாரு? எதுக்கு?"

"உங்களுக்கு விஷம் வெச்சதா கேஸ். ரெண்டு வாரத்துக்கு மேல ஆச்சு."

"சார்!" மகள் உள்ளே ஓடி வந்தாள். "உங்ககிட்ட நான் என்ன சொன்னேன்? அப்பா, நீங்க பதறாதீங்க, இவர் ஏதோ..."

மாட்டு டாக்டர் மகளைப் பார்க்கவில்லை. பூனையையும் பார்க்கவில்லை. தன் மணிக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பொத்தானைக் கழற்றினார். அதற்கு நேரம் பிடித்தது. யாரும் உதவவில்லை. சட்டைக்கையை முழங்கைக்கு மேலே சுருட்டிவிட்டுக் கையை மேஜைமேல் நீட்டினார்.

பழைய நீலமும் புதிய சிவப்புமாக, முழங்கை மடிப்பு முழுக்க ஊசித் தடங்கள்.

"அவனை விடச் சொல்லுங்க" என்றார். "என் ரத்தத்தைத் திருடினது நான்தான்."

மகளின் கைப்பை கீழே விழுந்தது. அவள் குனிந்து எடுக்கவில்லை.

"எதுக்குப்பா?"

அவர் சட்டைக்கையை மறுபடி இறக்கிவிட்டார்.

"முதல் தடவை நிஜமாவே உடம்பு சரியில்லம்மா. மூலத்துல ரத்தம் போச்சு. வெட்கப்பட்டுக்கிட்டு யார்கிட்டயும் சொல்லல. அப்பத்தான் வார்டுல சேர்த்தாங்க. நீ மூணு நாள் கூட இருந்தே. ஞாபகம் இருக்கா, ஆரஞ்சு உரிச்சுக் கொடுத்தே. அப்புறம் சரியாப் போச்சுன்னு வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. கதவைத் திறந்தேன். உள்ள போக முடியலம்மா. வாசல்லயே உட்கார்ந்துட்டேன்." மூச்சு வாங்கிக்கொண்டார். "மாட்டுக்கெல்லாம் எத்தனையோ தடவை எடுத்த கை. எனக்கு எடுக்கிறது பெரிய விஷயமில்ல. சாகணும்னு நினைக்கல. சத்தியமா இல்ல. கொஞ்ச நாளைக்கு நோயாளியா இருக்கணும்னு நினைச்சேன். அவ்வளவுதான்."

"போன் பண்ணியிருக்கலாமேப்பா."

"பண்ணுவேனே. 'மீட்டிங்ல இருக்கேன், அப்புறம் கூப்பிடறேன்'னு சொல்வே. கூப்பிடவும் செய்வே. 'ஏதாவது விஷயமாப்பா'ன்னு கேட்பே. என்கிட்ட விஷயம் எதுவும் இருக்காது."

வெடி எழுந்து உள்ளே போய், பாடிக்கொண்டிருந்த ரேடியோவை நிறுத்திவிட்டு வந்தாள். வந்தவள் கண்ணைத் துடைத்துக்கொண்டதை மறைக்க ஒன்றும் சொல்லவில்லை. அவள் ஒன்றும் சொல்லாமல் இருந்து பூனை அன்றுதான் பார்த்தார்.

*

புகாரைத் திரும்ப வாங்கினார்கள். இன்ஸ்பெக்டர் முணுமுணுத்தார். லேப் டாக்டரம்மா பிஞ்சு அணுக்களின் கணக்கைக் கோர்ட்டில் வந்து விளக்கினார். இதற்கிடையில் மாட்டு டாக்டருக்கு ரத்தம் ஏற்றி, மனநல மருத்துவர் ஒருவரிடமும் காட்டுவதாக ஏற்பாடு. ஆனால் அவர் ஒரே பிடியாக நின்றார். "அவன் வெளிய வரும்போது நான் அங்க இருக்கணும். அப்புறம் எங்க வேணும்னாலும் வரேன்."

அதனால் சிறை வாசலுக்கு நால்வரும் போனார்கள். எதிரே பேருந்து நிறுத்தம். ஒரு பேருந்து கிளம்பத் தயாராக நின்றுகொண்டிருந்தது. ஓட்டுநர் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்.

சமையல்காரர் ஒரு பிளாஸ்டிக் பையோடு வெளியே வந்தார். அறுபதை நெருங்கும் ஒல்லியான மனிதர். வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, காரில் சாய்ந்து நின்ற தன் முதலாளியைப் பார்த்தார்.

மகள்தான் முதலில் பேசினாள். "மன்னிச்சிடுங்க. நான் தப்பா நினைச்சுட்டேன்."

"எலி மருந்து இருந்தா யாருக்கும் சந்தேகம் வரும்மா" என்றார் அவர். அதில் கோபம் தெரியவில்லை. மாட்டு டாக்டரிடம் திரும்பினார். "வக்கீல் எல்லாத்தையும் சொன்னாரு."

"என்னால உனக்கு..." என்று மாட்டு டாக்டர் தொடங்கினார். சமையல்காரர் குறுக்கிட்டார்.

"பேச ஆள் இல்லன்னுதானே ஐயா இப்படிப் பண்ணினீங்க?"

மாட்டு டாக்டர் தலையாட்டினார்.

"அம்மா போனதுலேர்ந்து உங்க சுவருக்கு அந்தப் பக்கம்தான் படுத்திருந்தேன். நீங்க இருமினா எனக்குக் கேட்கும். எழுந்து உட்கார்ந்து, கூப்பிடுவீங்களான்னு பார்ப்பேன். நீங்க கூப்பிட்டதே இல்ல. ஒருத்தன் இருக்கான்னு உங்களுக்குத் தோணவே இல்லையா?"

வெடி வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள். மகள் தன் செருப்பைப் பார்த்தாள். 'அவன் சமையல்காரன்தானே' என்று தான் சொன்னது அவளுக்கு இப்போது கேட்டிருக்க வேண்டும்.

"வீட்டுக்கு வா" என்றார் மாட்டு டாக்டர்.

"தங்கச்சி வீட்டுக்குப் போறேன். அங்க என்ன பேசிக்கிறாங்களோ, நான் முகத்தைக் காட்டணும். திரும்பி வருவேனா தெரியல. யோசிச்சுத்தான் சொல்லணும்."

அவர் சாலையைக் கடந்து பேருந்தில் ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்துவிட்டார். மாட்டு டாக்டர் பின்னாலேயே நடந்தார். மகள் தாங்கிப் பிடிக்கப் போனாள். பூனை லேசாகத் தலையசைத்துத் தடுத்தார். வெளுத்துப்போன அந்த உயரமான உருவம், நின்று நின்று, சாலையைக் கடந்து ஜன்னலுக்குக் கீழே போய்ச் சேர்ந்தது.

"யோசிச்சிட்டு எப்படிச் சொல்வே?"

"போன்லதான். உங்க நம்பர் எனக்கு மனப்பாடம்." சமையல்காரர் கீழே குனிந்து பார்த்தார். "என் நம்பர் உங்ககிட்ட இருக்கா?"

மாட்டு டாக்டர் போனை எடுத்தார். தேடினார். இன்னும் கொஞ்சம் தேடினார். இல்லாததைத் தேடுகிறார் என்பது அவருக்கே தெரிந்திருந்தது. கடைசியில் நிமிர்ந்து பார்த்து, "சொல்லு" என்றார்.

சமையல்காரர் ஒவ்வோர் எண்ணாகச் சொன்னார். மாட்டு டாக்டரின் கட்டைவிரல் இருமுறை தப்பாக அழுத்தியது. இருமுறையும் அவர் பொறுமையாகத் திரும்பச் சொன்னார். ஓட்டுநர் ஏறி இன்ஜினைக் கிளப்பினார். பேருந்து குலுங்கியது.

அது நகரும்போது மாட்டு டாக்டர் அந்த எண்ணை அழைத்தார். ஜன்னலில் சமையல்காரர் சட்டைப்பையைத் தடவி, சிறையில் திருப்பிக் கொடுத்த போனை எடுத்துக் காதில் வைப்பது தெரிந்தது.

"என்ன ஐயா?"

"விஷயம் ஒண்ணுமில்ல" என்றார் மாட்டு டாக்டர். "சும்மாத்தான்."

"சார்ஜ் ஒரு கோடுதான் இருக்கு. கட்டாயிடும்."

"இருக்கிற வரைக்கும் பேசு."

பேருந்து முனையில் திரும்பியது. புழுதி அடங்கியது. அவர் சாலையோரத்திலேயே நின்று, காதில் போனை அழுத்திப் பிடித்துக்கொண்டு, தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார். மகள் கார் சாவியைக் கையில் வைத்தபடி காத்திருந்தாள். அவளுடைய போன் பைக்குள் அடித்து அடித்து ஓய்ந்தது. அவள் அதை எடுக்கவில்லை.